ஆள் வருதா?

உட்காருங்க சார், உட்காருங்க. ஆள் வருதான்னுதானே கேட்டீங்க? வரலை. இருங்க, துண்டை எடுத்துக்கறேன். கைப்பழக்கம் சார், பஸ் நிக்கறதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியா தானாப் போட்டுடுச்சு. நல்லா ஜன்னலோரமா தள்ளி உட்காருங்க, காத்து வரும். ஃபைலை மடியிலயே வெச்சுக்கோங்க. மேல வெச்சீங்கன்னா ஆலடி வளைவுல யாரு மண்டையிலயாவது விழும்.

தாலுகா ஆபீஸா? எப்படித் தெரியும்னு கேக்காதீங்க, நீங்க ஃபைலைப் பிடிச்சிருக்கிற பிடியே சொல்லுது. மேற்படி ஆபீஸ் வாசல்ல, புங்கமரத்தடியில, முப்பத்தொரு வருஷமா மனு எழுதறேன். தெய்வநாயகம்னு கேட்டா அங்க இருக்கிற நாய்கூட வந்து காட்டும். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வாரிசுச் சான்று, எது வேணும்னாலும் வாங்க. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். இப்பல்லாம் கொஞ்சம் நீளமா எழுதறேன். பேச்சும் அப்படித்தான். முன்னாடி கிள்ளறதுக்குப் பக்கத்துல ஆள் இருந்துச்சு.

என் சம்சாரம் சார். வனரோஜா. நான் ரெண்டு வார்த்தை கூடப் பேசினா தொடையில ஒரு கிள்ளு வெப்பா. மனு எழுத வர்ற ஜனங்க அழுதுகிட்டே அவங்க ஊர்க்கதையெல்லாம் சொல்லுவாங்க. இவ பக்கத்துல வெள்ளைத்தாளும் கவரும் ஸ்டாம்பும் வித்துக்கிட்டே எல்லாத்தையும் கேட்டுட்டு, "என்னாங்க, இந்தம்மா வீட்டுக்காரரு போயிட்டாரு, மாமியா பட்டாவைக் குடுக்க மாட்டேங்குது, ஒரே பக்கத்துல எழுதுங்க"ன்னுவா. ஒரே பக்கத்துல முடிஞ்சுடும். போன வாரம் ஒரு விதவைப் பென்ஷன் மனு நாலு பக்கம் போயிடுச்சு. உள்ள இருக்கிற கிளார்க்கு கூப்பிட்டு, "ஐயா, இது மனுவா, கதையா? இந்தம்மா புருஷன் வெச்சிருந்த சைக்கிளோட கலரெல்லாம் எதுக்கு?"ன்னாரு. அந்தம்மா சொல்லுச்சு, நான் எழுதினேன். பச்சை சைக்கிளாம். அதைப்போய் எப்படி எழுதாம விடறது?

சார், கொஞ்சம் எட்டிப் பாருங்க. கண்டக்டர் எங்க நிக்கறாரு? டிரைவருக்குப் பின்னாடிதானே? நல்லது. அவரு நம்ம சீட்டுக்கு வர்றதுக்குள்ள நான் ஒரு முடிவு எடுத்தாகணும். பெரிய முடிவெல்லாம் இல்ல. ஒரு டிக்கெட் கேக்கறதா, ரெண்டு டிக்கெட் கேக்கறதா. அவ்வளவுதான். சிரிக்காதீங்க சார். ராத்திரி பூரா இதே யோசனை.

சொல்றேன். முதல்லேர்ந்து சொன்னாத்தான் புரியும்.

எங்க வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடித் தெரு. எட்டேகாலுக்கு இந்த பஸ். நான் முன்னாடி ஓடியாந்து துண்டு போட்டு ரெண்டு பேருக்கு இடம் பிடிப்பேன், அவ டிபன் தூக்கை எடுத்துக்கிட்டுப் பின்னாடியே வருவா. பன்னெண்டு வருஷம். நாலு மாசத்துக்கு முன்னாடி ஒரு நாள், பல்லு வெளக்கிட்டு வந்தவ, மாரு அடைக்கிற மாதிரி இருக்குன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வாயுவா இருக்கும், ஒரு வாய் வெந்நி குடி, பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னேன். அவளும், "நீங்க போய்த் துண்டு போடுங்க, பின்னாடியே வர்றேன்"னா.

போய்ப் போட்டேன். இதே சீட்டு. பின்னாடியிலேர்ந்து மூணாவது. ஆள் வருதான்னு அஞ்சு பேரு கேட்டாங்க. அஞ்சு பேருக்கும் "வருது, வருது"ன்னேன். மேற்படி கண்டக்டர் ஏகாம்பரம்கூட, "வனரோஜாம்மா வரட்டும், ரெண்டு நிமிஷம் நிறுத்துப்பா"ன்னு டிரைவர்கிட்ட சொன்னாரு. அவ வரலை. பக்கத்து வீட்டுக்காரரு ஓடியாந்து ஜன்னலைத் தட்டினாரு. நான் இறங்கி ஓடினேன். போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் ஆயிடுச்சு.

துண்டை எடுக்கக்கூட இல்ல சார். துண்டு பாட்டுக்குத் தாலுகா ஆபீஸுக்குத் தனியாப் போயிட்டு வந்துச்சு. மறுநாள் பாத்தா எங்க வீட்டு வாசக்கதவுல துவைச்சு மடிச்சுத் தொங்குது. யாரு வேலையோ தெரியலை. அவ போன அன்னிக்கு வீட்டுல ஒரே கூட்டம், யாரு வந்தாங்க யாரு போனாங்கன்னு எனக்கு ஒண்ணும் மண்டையில ஏறலை. பாடைக்கு மூங்கில் கட்டின ஆளோட கை மட்டும் ஞாபகம் இருக்கு. ஆள்காட்டி விரல் நுனி கருத்துப்போய்க் காய்ச்சிருந்துச்சு. யாருன்னு கேக்காதீங்க.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் வேலைக்குக் கிளம்பிட்டேன். எல்லாரும் சொன்னாங்க, இன்னும் கொஞ்ச நாள் வீட்டுல இருங்கன்னு. வீட்டுல இருந்து என்ன பண்றது? எனக்கு ஒண்ணும் இல்லை சார், நான் நல்லாத்தான் இருந்தேன். மக ஓசூர்லேர்ந்து போன் பண்ணும்போதெல்லாம், "அப்பா, ஒருதரம் அழுதுடுங்கப்பா"ங்கறா. அழறதுக்கு நேரம் வேணாமா? எட்டேகாலுக்கு பஸ்ஸு.

முதல் நாள் வந்து உட்கார்ந்தேன். துண்டு பக்கத்துல கிடந்துச்சு. ஏகாம்பரம் வந்தாரு. "தாலுகா ஆபீஸ்"னேன். எத்தனைன்னு நான் சொல்றதே கிடையாது, பன்னெண்டு வருஷப் பழக்கம். மிஷின்லேர்ந்து ரெண்டு டிக்கெட் வந்துச்சு. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு மகளிர் டிக்கெட். டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்குக் காசு கிடையாது, ஆனா டிக்கெட்டு உண்டு, தெரியுமில்ல? அவரும் பாத்தாரு, நானும் பாத்தேன். நான் சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா அந்த மனுஷன் என்ன ஆவாரு? கிழிச்ச டிக்கெட்டைத் திருப்பி மிஷினுக்குள்ள போட முடியுமா? அதுவும் மனசு இளகின ஆளு. பஸ்ஸுல நின்னுக்கிட்டு அழுதுட்டாருன்னா மத்தவங்களுக்கு யாரு டிக்கெட் போடறது? பாவம்னு அவருக்காகத்தான் வாங்கிப் பையில வெச்சுக்கிட்டேன்.

மறுநாளும் ரெண்டு. அதுக்கு மறுநாளும் ரெண்டு. அந்த ஆளுக்கு விஷயமே தெரியாது, நான் என்ன பண்றது? மகளிர் டிக்கெட்டையெல்லாம் அவளோட ஸ்டாம்பு டப்பாவுல போட்டு வெச்சேன். தூக்கிப் போட முடியுமா? கவர்மெண்டு டிக்கெட்டு பாருங்க, அதுக்கொரு மரியாதை இல்லையா?

ஆனா எனக்கு ஒரு வருத்தம் சார். கோவம்னே வெச்சுக்கோங்க. இந்த பஸ்ஸுல தெனம் வர்ற ஜனங்க ஒரு இருபது பேராவது இருப்பாங்க. எல்லாருக்கும் அவளைத் தெரியும். அவ கையால மோர் வாங்கிக் குடிக்காத ஆளு கிடையாது. நாலு மாசத்துல ஒருத்தர், ஒரே ஒருத்தர், "வனரோஜா எங்கே, காணோமே?"ன்னு கேக்கணுமா இல்லையா? கேக்கலை! யாராவது கேட்டா "இன்னிக்கு வரலை"ன்னு சொல்லலாம்னு பதிலெல்லாம் தயாரா வெச்சிருந்தேன். ஒரு நாதியும் கேக்கலை. அவ்வளவுதான் சார் மனுஷங்கன்னு நினைச்சுக்கிட்டேன். ஒண்ணு மட்டும் மெச்சணும், துண்டு மேல யாரும் உட்காரலை. நின்னுக்கிட்டே வருவாங்க, உட்கார மாட்டாங்க. என் கோவம் அப்படி. உங்களை மாதிரி புதுசா ஏறினவங்க யாராவது கேட்டா நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே முன்னாடியிருந்து ஏகாம்பரம், "அங்க ஆள் வருது, நீங்க இப்படி வாங்க"ன்னு கூப்பிட்டுடுவாரு.

எங்க வந்துட்டாரு? பாதி பஸ்ஸு தாண்டிட்டாரா? இன்னும் ஆறு சீட்டு இருக்கு. பரவாயில்ல.

முன்னாடி கூடையை மடியில வெச்சுக்கிட்டு திரும்பித் திரும்பிப் பாக்குதே ஒரு அம்மா, மூக்குத்தி போட்டுக்கிட்டு? அதான் அஞ்சலாட்சி. தாலுகா ஆபீஸ் வாசல்ல அவிச்ச கடலை விக்கறவ. அவளுக்கும் வனரோஜாவுக்கும் பத்து வருஷச் சண்டை. மரத்து நிழலு யாருக்குன்னு அங்க ஒரு சண்டை, நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, அந்த ஜன்னல் யாருக்குன்னு இங்க ஒரு சண்டை. "துண்டு போட்டா பஸ்ஸையே எழுதி வாங்கிட்டியா?"ம்பா அவ. "ஆமா, என் வீட்டுக்காரரு மனு போட்டு வாங்கிக் குடுத்தாரு"ம்பா இவ. கேக்கக் காது கூசும். அந்த அஞ்சலாட்சிதான் நேத்து...

நேத்து செக்கிங் ஏறிட்டாங்க சார். ரயில்வே கேட்டுல பஸ் நின்னப்ப, வயசான இன்ஸ்பெக்டர் ஒருத்தர். டிக்கெட் டிக்கெட்னு ஒவ்வொருத்தரா வந்தாரு. நானும் பையிலேர்ந்து எடுத்து நீட்டினேன். ரெண்டையும் சேர்த்து நீட்டிட்டேன். புத்தி எங்க போச்சுன்னு தெரியலை.

"இந்த லேடீஸ் டிக்கெட் யாருது?"ன்னாரு.

முப்பத்தொரு வருஷமா ஊருக்கே வார்த்தை எழுதிக் குடுத்தவன் சார் நான். ஒரு வார்த்தை வரலை. அவரு துண்டைப் பாத்தாரு, காலி சீட்டைப் பாத்தாரு. "யோவ் கண்டக்டர், யாருக்குய்யா குடுத்தே?"ன்னாரு. ஏகாம்பரம் மூஞ்சி வெளுத்துப்போச்சு. "அவரு சம்சாரத்துக்கு சார்"னாரு. "அந்தம்மா எங்கே?"ன்னாரு இன்ஸ்பெக்டர். ஏகாம்பரம் பையோட வாரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. ஏழு மாசத்துல ரிட்டையர்மெண்டு அவருக்கு. இல்லாத ஆளுக்கு டிக்கெட் போட்டாருன்னு எழுதினா மெமோ, விசாரணை, பென்ஷனுக்கே வந்துடும் கேடு. அப்படி எத்தனை பேருக்கு நான் மேல்முறையீடு எழுதியிருக்கேன், எனக்குத் தெரியாதா?

எந்திரிச்சேன் சார். என்ன எழுதுவேன் தெரியுமா நான் மனுவுல? "இயற்கை எய்தினார்." வருஷத்துக்கு நூறு தடவை எழுதுவேன். "மேற்படி நபர் இயற்கை எய்தினார் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." அதைத்தான் சொல்லணும்னு வாயைத் திறந்தேன். வேற வந்துச்சு.

"அவ செத்துட்டா சார். நாலு மாசம் ஆச்சு. கண்டக்டருக்குத் தெரியாது. நான்தான் ஆள் இருக்குன்னு பொய் சொல்லி வாங்கினேன். என்மேல எழுதுங்க."

கத்திட்டேன்னு நினைக்கறேன்.

அப்பத்தான் அஞ்சலாட்சி எந்திரிச்சா. "இந்தாளுக்கு வெயில்ல மண்டை கொழம்பிப் போச்சு சார், கண்டதையும் பேசுது. அது என் டிக்கெட்டு. கூடையைத் தூக்கிக்கிட்டு ஏறினேன், புடிச்சுக்கய்யான்னு குடுத்து வெச்சேன்"னா. சொல்லிக்கிட்டே விறுவிறுன்னு வந்து, என் முழங்காலை இடிச்சுத் தள்ளி, ஜன்னலோரமா, துண்டு மேலயே உட்கார்ந்துட்டா! நாலு மாசமா ஒரு ஈ உட்கார்ந்ததில்ல அந்தத் துண்டு மேல.

இன்ஸ்பெக்டர் லேசுப்பட்டவரா? "அப்ப உன் கையில இருந்த டிக்கெட்டு?"ன்னாரு. "ஏது?"ன்னு வாயைத் திறந்து காட்டறா. வாய் நிறைய வெத்தலை. நான் பக்கத்துல இருந்து பாத்தேன் சார், அவ டிக்கெட்டை வெத்தலையோட சேர்த்து மடிச்சுப் போட்டு மென்னுக்கிட்டிருந்தா. நல்ல ஆளு. உடனே மொத்த பஸ்ஸும் ஆரம்பிச்சுடுச்சு. "ஆமா சார், அந்தம்மாவுதுதான்." "நாங்க பாத்தோம் சார்." டிரைவர் வேற ஸ்டீரிங்கைப் பிடிச்சுக்கிட்டே, "கேட்டு தொறந்துட்டாங்க சார், நேரமாவுது"ங்கறாரு.

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் என் மூஞ்சியையே பாத்தாரு. அப்புறம் மேற்படி டிக்கெட்டை என்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு, "பெரியவரே, நாளையிலேர்ந்து அவங்கவங்க டிக்கெட்டு அவங்கவங்க கையில இருக்கட்டும்"னாரு. இறங்கிப் போயிட்டாரு.

நான் முதல்ல என்ன பண்ணேன் தெரியுமா? அஞ்சலாட்சியைத் திட்டினேன். "எந்திரி, துண்டைக் கசக்கிட்டே"ன்னேன். அவ எந்திரிக்கலை. "இந்த ஜன்னலுக்காக உன் பொண்டாட்டிகிட்ட பத்து வருஷம் மல்லுக்கட்டினேன்யா. இப்ப உட்கார்ந்தா ஒரு சொகமும் இல்ல"ன்னுட்டு மூக்கைச் சிந்தினா. என் துண்டுலதான்.

"கண்டக்டருக்குத் தெரியாதுன்னு சொன்னியே, கண்ணு தெரியலையா உனக்கு?"ன்னா. "பாடைக்கு மூங்கில் கட்டினது யாரு? இந்தத் துண்டைத் துவைச்சு மடிச்சு உங்க வூட்டுக் கதவுல மாட்டினது யாரு? அன்னிக்கு சாயங்காலம் இந்த பஸ்ஸு ஜனம் மொத்தமும் உங்க வாசல்ல நின்னோம்யா. நீ எங்களைப் பாத்து, வாங்க, பேரு விலாசம் சொல்லுங்கன்னியே, ஞாபகமே இல்லையா?"

இல்லை சார். சத்தியமா இல்லை. காக்கிச்சட்டை இல்லாம ஏகாம்பரத்தை நான் பாத்ததே கிடையாது, எப்படி அடையாளம் தெரியும்? விரலைப் பாத்திருக்கேன். மிஷின் பட்டனை அமுக்கி அமுக்கிக் கருத்துப் போன விரலு. பாத்தும் தெரியலை எனக்கு.

எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் யாரும் கேக்கலை. தெரிஞ்சுதான் நின்னுக்கிட்டே வந்திருக்காங்க. நான் என்னடான்னா நான்தான் அவங்களைக் காப்பாத்திக்கிட்டு இருக்கேன்னு நினைச்சுக்கிட்டு... அழுதேன் சார். ஆமா, பஸ்ஸுல. ரயில்வே கேட்டுலேர்ந்து தாலுகா ஆபீஸ் வரைக்கும் அழுதேன். நான் வெந்நி குடின்னு சொல்லிட்டுத் துண்டு போட வந்துட்டேன் சார் அன்னிக்கு. அதை யார்கிட்டயும் சொன்னதில்ல. நேத்து அஞ்சலாட்சிகிட்ட சொன்னேன். "அவதானே உன்னைப் போகச் சொன்னா. அவ சொல்லை நீ என்னிக்குத் தட்டினே?"ன்னா. கடலை ஒரு கை அள்ளிக் குடுத்தா. தின்னுக்கிட்டே அழுதேன்.

இதான் சார் கதை. இப்ப ஏகாம்பரம் வருவாரு. நான் எப்பவும் போல "தாலுகா ஆபீஸ்"னு மட்டும் சொன்னேன்னு வெச்சுக்கோங்க, அந்த மடையன் இன்னிக்கும் ரெண்டு போடுவாரு. சத்தியமாப் போடுவாரு. பென்ஷன் போனாலும் போகட்டும்னு போடுவாரு. அப்ப நான்தானே எத்தனைன்னு சொல்லணும்? சொல்றதுக்கு என்ன, ஒரே ஒரு எண்ணு. அதைச் சொல்லிட்டா அப்புறம் தெனம் அதையேதான் சொல்லணும், அதான் கஷ்டம். பாருங்க, முன் சீட்டுக்கு வந்துட்டாரு. எல்லாரும் இங்கயே திரும்பிப் பாக்கறாங்க. என்ன வேடிக்கை வேண்டிக்கிடக்கு? அஞ்சலாட்சி, அந்தப் பக்கம் திரும்பு!

நீங்க முதல்ல வாங்கிக்கோங்க சார். உங்களுதை வாங்கிக்கோங்க. சில்லறை இருக்கா? சரி, சரி.

ஏகாம்பரம். தாலுகா ஆபீஸ்.

இரு, இரு. அமுக்காதே. ஒண்ணு.

என்னய்யா பாக்கறே? ஒண்ணு. அவ இன்னிக்கு வரலை.

இல்ல. இன்னிக்கு வரலைன்னு இல்ல. அவ வரமாட்டா, ஏகாம்பரம். ஒண்ணு போடு.

...கண்ணைத் தொடைச்சுக்கய்யா, பின்னாடி ரெண்டு சீட்டு இருக்கு, அவங்களுக்கு யாரு டிக்கெட் போடறது? போ.

போயிட்டாரு. பாத்தீங்களா சார், மனசு இளகின ஆளுன்னு நான் சொல்லலை? சரி, அதை விடுங்க. உங்களுக்கு என்ன மனுன்னு சொல்லுங்க, ஒரே பக்கத்துல எழுதித் தர்றேன். நானே பேசிக்கிட்டு வந்துட்டேன், உங்க கதையை ஒரு வார்த்தை கேக்கலை. தப்பா நினைச்சுக்காதீங்க. பஸ் ஸ்டாண்டுலேர்ந்து இவ்வளவு தூரம் வந்தாச்சு, ஒரு கிள்ளு விழலையே, அதான் நிறுத்தணும்னே தெரியலை.